கருவுற்ற காலத்தில் உயிர்ச்சத்து மாத்திரைகள்

கருவுற்ற காலத்தில் உயிர்ச்சத்து மாத்திரைகள் என்பவை, கருவுற்றிருக்கும் பெண்ணுக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் உணவின் வழியாக முழுமையாகக் கிடைக்காத உயிர்ச்சத்துகளையும் (வைட்டமின்கள்) கனிமச்சத்துகளையும் ஈடுசெய்வதற்காக உட்கொள்ளப்படும் மாத்திரைகள், குளிகைகள் மற்றும் நீர்ம மருந்துகள் ஆகும். இவற்றுள் ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து ஆகிய இரண்டும் ஏறத்தாழ எல்லாக் கருவுற்ற பெண்களுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. அயோடின், கால்சியம், உயிர்ச்சத்து டி, உயிர்ச்சத்து பி12 ஆகியவற்றின் தேவை அவரவர் உணவுப் பழக்கத்தையும் உடல்நிலையையும் வாழும் இடத்தையும் பொறுத்து மாறுபடும். உயிர்ச்சத்து ஏ போன்ற சில சத்துகள் அளவுக்கு மிஞ்சினால் கருவுக்கே தீங்கு விளைவிக்கும்.

எந்த மாத்திரையை உட்கொள்வது என்பதை விட எப்பொழுது தொடங்குவது என்பதே இத்துறையில் மிகவும் முக்கியமான கேள்வியாகும். ஃபோலிக் அமிலம் தடுக்கக்கூடிய பிறவிக்குறைபாடுகள், பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை உறுதிசெய்து மருத்துவரைச் சந்திப்பதற்கு முன்னரே தோன்றிவிடுகின்றன. எனவே இம்மாத்திரை கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கப்பட வேண்டியதாகும்.

வரலாறு

பம்பாய், குன்னூர், சென்னை ஆய்வுகள்

ஃபோலிக் அமிலத்தின் வரலாறு இந்தியாவில் தொடங்குகின்றது. ஆங்கிலேய மருத்துவரான லூசி வில்சு 1928 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, பம்பாயின் துணியாலைகளில் பணிபுரிந்த ஏழைப் பெண்களிடம் கருவுற்ற காலத்தில் காணப்பட்ட கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். இவ்வகை இரத்தசோகையில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்படும். 1929 ஆம் ஆண்டின் ஒரு பகுதியில் அவர் நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் உள்ள பாசுச்சர் ஆய்வுநிலையத்திலும், 1931 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் இன்று அரசு கத்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்கும் மகளிர் மருத்துவமனையிலும் பணியாற்றினார்.

நொதியத்திலிருந்து (ஈஸ்ட்) தயாரிக்கப்பட்டு, ரொட்டியில் தடவி உண்ணப்படும் மார்மைட் என்னும் மலிவான பசை இந்நோயைக் குணப்படுத்துவதை வில்சு கண்டறிந்து 1931 ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்பசையில் இருந்த பொருள் எது என்பது அப்பொழுது தெரியாததால் அது சில காலம் "வில்சு காரணி" என்றே அழைக்கப்பட்டது.

பெயரும் செயற்கைத் தயாரிப்பும்

1941 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு கீரையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் "ஃபோலியம்" என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் பெயர் ஏற்பட்டது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு 1945 ஆம் ஆண்டு வாக்கில் இதனைச் செயற்கையாகத் தயாரித்தது. சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். மாத்திரை வடிவில் ஃபோலிக் அமிலம் மலிவாகக் கிடைப்பதற்கு இத்தயாரிப்பு முறையே வழிவகுத்தது.

பிறவிக்குறைபாடுகளைத் தடுத்தல்

நரம்புக்குழாய்க் குறைபாடுகளுக்கும் ஃபோலேட்டுக் குறைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் கருத்தை 1965 ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த இப்பார்டு, சிமித்தெல்சு ஆகியோர் வெளியிட்டனர். ஐயத்திற்கு இடமின்றி இது நிறுவப்படுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. இதன் முதன்மையான ஆய்வுகள் மூன்று.

* 1991: பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. 7 நாடுகளில் 33 மையங்களில், முன்னரே இக்குறைபாடுள்ள குழந்தையைக் கருவுற்றிருந்த 1817 பெண்கள் இதில் பங்கேற்றனர். மறுமுறை கருவுற்றபோது நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் பெற்ற பிரிவுகளில் 6 குழந்தைகளுக்கும், பெறாத பிரிவுகளில் 21 குழந்தைகளுக்கும் குறைபாடு காணப்பட்டது. அதாவது வாய்ப்பு 72 விழுக்காடு குறைந்தது. பயன் தெளிவாகத் தெரிந்ததால் இவ்வாய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.
* 1992: அங்கேரியில் சீசல், தூதாசு ஆகியோர் நடத்திய ஆய்வு. முன்னர் இக்குறைபாடு நேராத பெண்களுக்கு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் அடங்கிய பல்சத்து மாத்திரை வழங்கப்பட்டது. ஒப்பீட்டுப் பிரிவில் 6 குழந்தைகளுக்குக் குறைபாடு ஏற்பட, மாத்திரை பெற்ற பிரிவில் ஒரு குழந்தைக்கும் ஏற்படவில்லை.
* 1999: சீனாவில் நடைபெற்ற பெரும் ஆய்வின் முடிவுகள் வெளியாயின. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் மட்டும் வழங்கப்பட்டது. குறைபாடு மிகுந்திருந்த வடபகுதியில், கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கி உட்கொண்டோரிடையே அதன் அளவு ஆயிரத்துக்கு 4.8 இலிருந்து 1.0 ஆகக் குறைந்தது.

1992 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, கருத்தரிக்கக்கூடிய வயதிலுள்ள பெண்கள் அனைவரும் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் பெறவேண்டும் எனப் பரிந்துரைத்தது.

காலத்தின் முக்கியத்துவம்

கருவின் மூளையும் முதுகுத்தண்டும் நரம்புக்குழாய் என்னும் அமைப்பிலிருந்து உருவாகின்றன. முதலில் தட்டையான தகடாக இருக்கும் உயிரணுக்கள் இருபுறமும் மடிந்து, நடுவில் இணைந்து குழாயாகின்றன. இவ்விணைப்பு கருத்தரித்த 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகின்றது. குழாயின் கீழ்ப்பகுதி மூடாமல் நின்றுவிட்டால் முதுகெலும்புப் பிளவு ஏற்படுகின்றது. இக்குழந்தைகள் பலருக்குக் கால்களின் இயக்கமும் சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் வாழ்நாள் முழுவதும் பாதிக்கப்படுகின்றன. மேல்பகுதி மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதி உருவாவதில்லை. இவ்வாறு பிறக்கும் குழந்தைகள் உயிர்பிழைப்பதில்லை.

உயிரணுக்கள் பிரிந்து பெருகும்போது மரபுப்பொருளான டி.என்.ஏ புதிதாக உருவாக்கப்பட வேண்டும். அதற்கு ஃபோலேட்டு தேவை. நரம்புக்குழாய் மூடும் நாட்களில் உயிரணுப் பிரிவு மிக விரைவாக நடைபெறுவதால் அப்பொழுது ஏற்படும் குறைவு பெரும் விளைவை உண்டாக்குகின்றது.

நாட்களைக் கணக்கிட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும். மாதவிலக்குச் சுழற்சி 28 நாட்கள் எனக் கொண்டால், கருத்தரிப்பு ஏறத்தாழ 14 ஆம் நாளில் நிகழ்கின்றது. அடுத்த மாதவிலக்கு வராமல் நாள் தள்ளிப்போகும்போது கருவின் வயது ஏற்கனவே 14 நாட்கள். மருத்துவர்கள் கருக்காலத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுவதால், நரம்புக்குழாய் மூடும் நாள் அவர்களுடைய கணக்கில் ஆறாம் வாரத்தின் முடிவாகும். நாள் தள்ளிப்போன பெண் பரிசோதித்து, உறுதிசெய்து, எட்டாம் வாரத்தில் மருத்துவரைக் கண்டு மாத்திரை பெற்றால், குழாய் மூடி இரண்டு வாரங்கள் கடந்திருக்கும். மேலும், மாத்திரையைத் தொடங்கிய உடனேயே உடலின் ஃபோலேட்டு அளவு உயர்ந்துவிடுவதில்லை. போதிய அளவை அடையச் சில வாரங்கள் ஆகும்.

இதனால் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதத்திற்கு முன்னரும், இயன்றால் மூன்று மாதங்களுக்கு முன்னரும் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கி, கருவுற்ற முதல் மூன்று மாதங்கள் வரை தொடருமாறு பரிந்துரைக்கப்படுகின்றது. உலகில் பல கருவுறுதல்கள் திட்டமிடப்படாதவை என்பதால், கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் அனைவருக்கும் இப்பரிந்துரை பொருந்தும். எட்டாம் வாரத்தில் தொடங்குவதும் வீணன்று. இரத்த உற்பத்திக்கு ஃபோலேட்டு கருக்காலம் முழுவதும் தேவைப்படுகின்றது.

தேவைப்படும் சத்துகள்

ஃபோலிக் அமிலம்

இது பி தொகுதியைச் சேர்ந்த உயிர்ச்சத்து (பி9). உணவில் இயற்கையாக உள்ள வடிவம் ஃபோலேட்டு என்றும், மாத்திரையில் உள்ள செயற்கை வடிவம் ஃபோலிக் அமிலம் என்றும் அழைக்கப்படுகின்றன. கீரைகள், பருப்பு வகைகள், கொண்டைக்கடலை, வேர்க்கடலை, ஆரஞ்சு, ஈரல் ஆகியவற்றில் ஃபோலேட்டு உள்ளது. இது நீரில் கரையக்கூடியது; வெப்பத்தால் சிதையக்கூடியது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி வீணாகின்றது. மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலம் உணவிலுள்ள ஃபோலேட்டை விட எளிதில் உறிஞ்சப்படுகின்றது. கீரை உண்பது நன்று எனினும், அதனை மட்டும் நம்பித் தேவையான அளவை எட்டுவது கடினம்.

பொதுவான அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். கீழ்க்காணும் பெண்களுக்கு மருத்துவர்கள் 4 அல்லது 5 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கு அல்லது அதற்கு மேற்பட்ட அளவைப் பரிந்துரைப்பதுண்டு.

* முன்னர் நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள கரு உண்டானவர்கள்
* தமக்கோ கணவருக்கோ அக்குறைபாடு உள்ளவர்கள்
* கருவுறுவதற்கு முன்பே நீரிழிவு நோய் உள்ளவர்கள்
* வால்புரோயேட்டு முதலிய சில வலிப்பு மருந்துகளை உட்கொள்பவர்கள்

வலிப்பு மருந்து உட்கொள்வோர் தாமாக அதனை நிறுத்தலாகாது. வலிப்பு தாய்க்கும் கருவுக்கும் ஆபத்தானது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவருடன் பேசி மருந்தை மாற்றிக்கொள்வதே முறையாகும். மூட்டு நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் வழங்கப்படும் மெத்தோதிரெக்சேட்டு என்னும் மருந்து ஃபோலேட்டின் செயலைத் தடுக்கின்றது. ஆகவே கருவுற்ற காலத்தில் இது முற்றிலும் விலக்கப்பட வேண்டியது.

இரும்புச்சத்து

இரும்பு உயிர்ச்சத்து அன்று, கனிமச்சத்து ஆகும். எனினும் கருக்கால மாத்திரைகளில் ஃபோலிக் அமிலத்துடன் சேர்ந்தே வருகின்றது. கருவுற்ற காலத்தில் பெண்ணின் இரத்தத்தின் பரும அளவு ஏறத்தாழப் பாதியளவு கூடுகின்றது. கரு, நஞ்சுக்கொடி, கூடுதலான இரத்தம், மகப்பேற்றில் ஏற்படும் இழப்பு ஆகியவற்றிற்காக மொத்தம் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகின்றது. இதன் பெரும்பகுதி பின் ஆறு மாதங்களில் தேவைப்படுவதாகும்.

கருவுற்ற பெண்ணின் ஈமோகுளோபின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை எனவும், 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான இரத்தசோகை எனவும் கொள்ளப்படுகின்றது. இந்தியாவில் 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். உடல்நலமுள்ள பெண் தாங்கிக்கொள்ளும் அளவு இரத்தப்போக்கும் கடுமையான இரத்தசோகையுள்ள பெண்ணின் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். குறைமாதப் பேறும் எடை குறைந்த குழந்தையும் இதனுடன் தொடர்புடையவை.

அயோடின்

கருவின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு சுரப்பு தேவை. அச்சுரப்புக்கு அயோடின் தேவை. உலக சுகாதார அமைப்பு கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் பரிந்துரைக்கின்றது. அயோடின் கலந்த உப்பே இதனைப் பெறும் எளிய வழியாகும். இந்தியாவில் வீட்டில் பயன்படும் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருத்தல் வேண்டும். அயோடின் கலக்கப்படாத கல்லுப்பையோ இந்துப்பையோ மட்டும் பயன்படுத்தும் குடும்பங்களில் இச்சத்து குறைய வாய்ப்புண்டு.

கால்சியமும் உயிர்ச்சத்து டியும்

பால், தயிர், கேழ்வரகு, எள், முள்ளுடன் உண்ணப்படும் சிறுமீன்கள் ஆகியவை கால்சியம் மிகுந்தவை. உணவில் கால்சியம் குறைவாகவுள்ள நாடுகளில் கால்சியம் மாத்திரை வழங்குவது, கருக்காலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து வலிப்புக்கு இட்டுச்செல்லும் நிலையின் வாய்ப்பைக் குறைக்கின்றது. கால்சியம் உறிஞ்சப்படுவதற்கு உயிர்ச்சத்து டி துணைபுரிகின்றது. வெயில் மிகுந்த நாடுகளிலும், வெளியே செல்லாமல் வீட்டுக்குள்ளோ அலுவலகத்திலோ பகல் முழுவதும் இருப்போரிடம் டி குறைபாடு காணப்படுகின்றது. குளிர்நாடுகளில் வாழும் தென்னாசியப் பெண்களிடம் இது மேலும் மிகுதி. ஐக்கிய இராச்சியத்தில் கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் உயிர்ச்சத்து டி பரிந்துரைக்கப்படுகின்றது.

உயிர்ச்சத்து பி12

இது விலங்குவழி உணவுகளில் மட்டுமே இயற்கையாகப் போதிய அளவில் உள்ளது. மரக்கறி உணவினருக்குப் பாலும் தயிருமே இதன் முதன்மை மூலம். அவற்றையும் தவிர்ப்போர் கட்டாயம் மாத்திரையாகப் பெறவேண்டும். ஃபோலிக் அமிலமும் பி12 உம் உடலில் இணைந்து செயற்படுகின்றன. ஃபோலிக் அமிலத்தை மிகுந்த அளவில் உட்கொண்டால் பி12 குறைபாட்டின் இரத்தசோகை சரியாகிவிடும். ஆனால் நரம்புப் பாதிப்பு மறைவாகத் தொடரும். கை கால் மரத்துப்போதல் போன்ற அறிகுறிகள் இருப்பின் பி12 அளவைப் பரிசோதிப்பது தேவை.

அளவுக்கு மிஞ்சிய சத்துகள்

நீரில் கரையும் உயிர்ச்சத்துகள் மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுகின்றன. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே ஆகியவை உடலில் தங்கக்கூடியவை. இவற்றுள் கருவுற்ற காலத்தில் மிகுந்த கவனம் தேவைப்படுவது உயிர்ச்சத்து ஏ ஆகும்.

1995 ஆம் ஆண்டு அமெரிக்காவில் 22,000க்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 10,000 பன்னாட்டு அலகுக்கு மேல் ரெட்டினால் வடிவ உயிர்ச்சத்து ஏயை மாத்திரையாக உட்கொண்டோரின் குழந்தைகளிடம் பிறவிக்குறைபாடுகள் கூடுதலாகக் காணப்பட்டன. 10,000 பன்னாட்டு அலகு என்பது 3000 மைக்ரோகிராமுக்குச் சமம். கேரட், பூசணி, கீரை, மாம்பழம் ஆகியவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் தன் தேவைக்கேற்ப மட்டுமே மாற்றிக்கொள்வதால் அவற்றால் இத்தீங்கு இல்லை. ஈரலிலும் மீன் ஈரல் எண்ணெயிலும் ரெட்டினால் மிகுந்துள்ளது. முகப்பருவுக்கு உட்கொள்ளப்படும் ஐசோதிரெட்டினோயின் உயிர்ச்சத்து ஏயின் உறவுப்பொருள். இது கருவில் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும்.

மறுபுறம், உயிர்ச்சத்து ஏ குறைபாடும் தீங்கானது. மாலைக்கண் நோய் பரவலாக உள்ள பகுதிகளில் மட்டும், வரையறுத்த அளவில் கருவுற்ற பெண்களுக்கு இதனை வழங்குமாறு உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது.

சி, ஈ ஆகிய உயிர்ச்சத்துகளை மிகுந்த அளவில் வழங்கினால் கருக்கால உயர் இரத்த அழுத்தத்தைத் தடுக்கலாம் என்று ஒரு காலத்தில் எதிர்பார்க்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டு ஐக்கிய இராச்சியத்தில் வெளியான ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை. மாறாக, எடை குறைந்த குழந்தைகள் சற்று மிகுதியாகப் பிறந்தன.

மாத்திரையைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் கிடைக்கும் மாத்திரைகள் விலையில் பெரிதும் வேறுபடுகின்றன. மலிவான மாத்திரையிலும் விலையுயர்ந்த மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் ஒன்றே. தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தை விட அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள உட்கூறுப் பட்டியலைப் பார்ப்பதே பயன்தரும். கவனிக்க வேண்டியவை:

1. அலகு: 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். 400 மைக்ரோகிராம் என்பது 0.4 மில்லிகிராம். இந்திய மருந்துக்கடைகளில் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை பரவலாகக் கிடைக்கின்றது. இது பொதுவான தேவையைப் போல் பன்னிரண்டரை மடங்கு.
2. தனிம இரும்பின் அளவு: இரும்பு மாத்திரையில் இரும்பு ஓர் உப்பாக உள்ளது. 60 மில்லிகிராம் இரும்பு பெற 300 மில்லிகிராம் நீரேறிய ஃபெரஸ் சல்பேட்டோ, 180 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட்டோ, 500 மில்லிகிராம் ஃபெரஸ் குளுக்கோனேட்டோ தேவை. ஆகவே உப்பின் எடையைக் கொண்டு இரு மாத்திரைகளை ஒப்பிடக் கூடாது.
3. உயிர்ச்சத்து ஏயின் வடிவம்: ரெட்டினாலா, பீட்டா கரோட்டினா என்று பார்க்க வேண்டும்.
4. இரட்டிப்பு: பல்சத்து மாத்திரை, சத்துமாவு, டானிக் என ஒரே சத்தைப் பல வழிகளில் பெறும்போது மொத்த அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.
5. விடுபட்டவை: மிட்டாய் போன்று மென்று தின்னும் வகைகள் பலவற்றில் இரும்பு இருப்பதில்லை.

ஃபோலிக் அமிலத்திற்கு மாற்றாக மெத்தில் ஃபோலேட்டு என்னும் வடிவமும் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றது. நரம்புக்குழாய்க் குறைபாடுகளைத் தடுப்பதாக ஆய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்ட வடிவம் ஃபோலிக் அமிலமே ஆகும்.

ஃபோலிக் அமிலமும் இரும்பும் மட்டும் போதுமா, பல சத்துகள் அடங்கிய மாத்திரை வேண்டுமா என்பது நீண்டகாலமாக ஆராயப்படும் கேள்வி. 1999 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 15 சத்துகள் கொண்ட ஒரு பொதுக் கலவையை வகுத்தன. ஊட்டக்குறைவு மிகுந்த நாடுகளில் இது எடை குறைந்த குழந்தைகள் பிறப்பதை, இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரையை விடச் சற்றுக் கூடுதலாகக் குறைத்தது. 2021 ஆம் ஆண்டு இக்கலவை உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

உட்கொள்ளும் முறை

* இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில் நன்கு உறிஞ்சப்படும். ஆயினும் குமட்டல் ஏற்படுமாயின், உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ இரவில் படுக்கும் முன்னரோ உட்கொள்ளலாம். தாங்கமுடியாதபோது உணவுடன் உட்கொள்வது, முற்றிலும் விட்டுவிடுவதை விட மேலானது.
* எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா, ஆரஞ்சு போன்றவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பு உறிஞ்சப்படுவதைக் கூட்டும்.
* தேநீர், காப்பி, பால் ஆகியவை அதனைக் குறைக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இவற்றைத் தவிர்க்க வேண்டும்.
* கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒருசேர உட்கொள்ளலாகாது. கால்சியத்தை உணவுடனும் இரும்பை வேறு வேளையிலும் உட்கொள்வது வழக்கம்.
* தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் அதற்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே நான்கு மணி நேரம் இடைவெளி விடவேண்டும்.
* ஒரு வேளை தவறிவிட்டால் மறுநாள் இரண்டாக உட்கொள்ள வேண்டியதில்லை. வழக்கம்போல் தொடர்ந்தால் போதும்.

இரும்பு மாத்திரையால் மலம் கருமையாவது இயல்பானது, அச்சப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், குமட்டல் ஆகியவற்றால் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அளவைக் குறைத்தோ உப்பை மாற்றியோ வேளையை மாற்றியோ மருத்துவர் இதற்குத் தீர்வு காணலாம். மாத்திரையால் பயன் இல்லாதவர்களுக்கும் கடுமையான இரத்தசோகை உள்ளவர்களுக்கும் இரும்பு ஊசிமருந்தாகச் செலுத்தப்படுகின்றது.

கருவுற்ற காலத்தில் கடுமையான வாந்தியால் பல நாட்கள் உணவு தங்காதவர்களுக்கு உயிர்ச்சத்து பி1 (தயமின்) குறைந்து மூளை பாதிக்கப்படக்கூடும். இந்நிலையில் குளுக்கோசு ஏற்றுவதற்கு முன் தயமின் வழங்கப்பட வேண்டும்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பின் இரும்பு மாத்திரைகளை அவர்கள் கைக்கு எட்டாதவாறு பூட்டிவைத்தல் மிக அவசியம். சர்க்கரைப் பூச்சும் வண்ணமும் கொண்ட இம்மாத்திரைகள் மிட்டாய் போலத் தோன்றும். சில மாத்திரைகளை ஒன்றாக விழுங்கும் குழந்தைக்கு உயிராபத்தான நஞ்சேற்றம் ஏற்படும். அவ்வாறு நேர்ந்தால் அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அரசுத் திட்டங்கள்

இந்தியாவில் 1970 ஆம் ஆண்டு முதல் கருவுற்ற பெண்களுக்கு இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரைகள் அரசால் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. 2018 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இரத்தசோகையற்ற இந்தியா திட்டத்தின்படி, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய சிவப்பு மாத்திரை, நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாட்களும் மகப்பேற்றுக்குப் பின் 180 நாட்களும் நாளொன்றுக்கு ஒன்றாக வழங்கப்படுகின்றது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்து முதல் மூன்று மாதங்கள் வரை ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தனியே பரிந்துரைக்கப்படுகின்றது. நான்காம் மாதம் முதல் கால்சியம் மாத்திரைகளும், கொக்கிப்புழுவை அகற்ற அல்பெண்டசோல் மாத்திரை ஒரு முறையும் வழங்கப்படுகின்றன. கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுவதால், அது இருக்கும்வரை இரும்பு மாத்திரையின் பயன் குறைவாகும்.

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இவற்றை வழங்குகின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் இடம்பெற்றன. இலங்கையில் கருவுற்ற தாய்மாருக்கான அரசு மருத்துவ நிலையங்களில் இம்மாத்திரைகளுடன் திரிபோச என்னும் சத்துமாவும் இலவசமாக வழங்கப்படுகின்றது.

மாத்திரை கிடைப்பதற்கும் அது உட்கொள்ளப்படுவதற்கும் இடையே பெரிய இடைவெளி உள்ளது. மேற்கூறிய 2019-21 ஆய்வில், இந்தியாவில் 180 நாட்களுக்கு மேல் இம்மாத்திரையை உட்கொண்ட தாய்மார் 26 விழுக்காட்டினர் மட்டுமே. மேலும் கருவுற்றோரைப் பதிவுசெய்த பின்னரே தொடங்கும் எந்தத் திட்டமும் நரம்புக்குழாய் மூடும் காலத்தைத் தவறவிடுகின்றது. புதுமணத் தம்பதியருக்கு முன்கூட்டியே அறிவுறுத்துவதும், உணவுப்பொருளில் சத்தைக் கலப்பதும் இதற்கு மாற்று வழிகளாகும். அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டு முதல் செறிவூட்டிய மாவு வகைகளில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கலப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் அங்கு நரம்புக்குழாய்க் குறைபாடுகள் குறைந்தன. பெண்கள் தனியாக எதுவும் செய்யாமலேயே இப்பயன் கிடைப்பதே இம்முறையின் சிறப்பாகும்.

பரவலாக உள்ள தவறான கருத்துகள்

* இரும்பு மாத்திரை உட்கொண்டால் குழந்தை கருப்பாகப் பிறக்கும்: குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுக்களால் அமைவது. மாத்திரைக்கும் நிறத்திற்கும் தொடர்பில்லை.
* மாத்திரை உட்கொண்டால் குழந்தை பெருத்து, அறுவை மகப்பேறு நேரும்: இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் குழந்தையை மிகையாகப் பருக்கச் செய்வதில்லை.
* குங்குமப்பூவும் பேரீச்சம்பழமும் மாத்திரைக்கு ஈடாகும்: குங்குமப்பூவில் இத்தேவையை நிறைவுசெய்யும் சத்து எதுவும் இல்லை. பேரீச்சம்பழம் நல்ல உணவு; ஆனால் அதில் உள்ள இரும்பு மாத்திரையின் அளவை எட்டாது.
* ஈமோகுளோபின் சரியாக உள்ளதால் மாத்திரை தேவையில்லை: கருவுற்ற பின் ஆறு மாதங்களில் தேவை மிகுவதால், தொடக்கத்தில் சரியாக இருந்த அளவும் குறையக்கூடும்.

ஃபோலிக் அமிலம் எல்லாப் பிறவிக்குறைபாடுகளையும் தடுக்காது என்பதும் அறியத்தக்கது. முறையாக உட்கொண்ட தாய்க்கும் சிலவேளை குறைபாடுள்ள குழந்தை பிறக்கலாம். மரபுக் காரணிகளும் இதில் பங்கு வகிக்கின்றன. எனவே அத்தகைய குழந்தை பிறந்தமைக்குத் தாயைக் குறைகூறுவதற்கு அறிவியல் அடிப்படை இல்லை.

குறிப்பு: இக்கட்டுரை பொது அறிவுக்கானது. மாத்திரையின் வகையையும் அளவையும் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஃபோலிக் அமிலம்
* இரத்தசோகை
* நரம்புக்குழாய்
* லூசி வில்சு
* எல்லப்பிரகட சுப்பாராவ்
* மகப்பேறு